இடமரை

ஹெரால்டில் முன் டயர்மேல் உட்கார்ந்தே
வேலை பார்க்கலாம். பானெட் மொத்தமும்
முன்னால் சாய்ந்து வாய் பிளந்து நிற்கும்.
கொருக்குப்பேட்டையில் அப்படி நின்றால்
போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்ப்பான்.
"எத்தினி வருசம்பா இது?"
"என்னிய விட ரெண்டு வயசு பெர்சு."
"குடுக்கிறியா?"
இல்லை.

இடதுபக்கம் ஜாக்கி. ஜாக்கியை நம்பாமல்
ரயில்வே ஸ்லீப்பர் கட்டை இரண்டு.
சக்கரம் வந்தது, டிரம் வந்தது.
பிரேக் ஹோஸ் இழுபடாமல் கம்பியால் தூக்கிக் கட்டினோம்.
மேல் பால் ஜாயின்ட்டுக்கு இரண்டு சுத்தியல்,
எதிரெதிரே, ஒரே நொடியில்.
இதாயத்தும் நானும் கண்ணோடு கண் பார்த்து அடித்தோம்.
மூன்றாவது அடியில் விட்டுக்கொடுத்தது.

ஸ்பிரிங்கை நீளப் போல்ட் போட்டு நெரித்தோம்.
அதற்கு நேரே மட்டும் யாரும் நிற்கக் கூடாதென்று
அதற்கு நேரே நின்றபடி சொன்னான் இதாயத்.

கடைசியில் அடியிலிருக்கும் பித்தளை டிரன்னியன்.
செங்குத்துத் தண்டு அதில் மரையோடு இறங்கி
ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் கூடவே திரும்பும்.
அசையவில்லை.
டீசல் ஊற்றினோம், சூடு காட்டினோம்,
குழாயைச் செருகித் தொங்கினோம்.
டீக்கடைக்காரர் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார்.
முக்கால் மணி நேரம் கழித்துத்தான்
இதாயத் நெற்றியில் அடித்துக்கொண்டான்:
"இடது பக்கம்ணா இது. இடமரை."

கழட்டுவதாக நினைத்து
இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.
"மரை கழண்டது நமக்குத்தான்" என்றான்.

மறுபக்கம் திருப்பியதும்
முறுக்கு அச்சில் மாவு பிதுங்குவதுபோல
வந்தது கிரீஸ்.
கல்லாய் இறுகி, கறுப்பாய்.
"எந்தப் புண்ணியவான்ணா இதுல கிரீஸ் அட்ச்சது?
இத்துக்கு ஆயில்தான். தொண்ணூறு நம்பர்."
நான் அடுத்த ஸ்பேனரைத் தேடினேன்.

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு.
கிரீஸ் கன் புதிது.
கண்ணில் பட்ட நிப்பிளுக்கெல்லாம் அடித்தேன்.

அதற்கப்புறம்தான் ஜெசிந்தா சொல்ல ஆரம்பித்தாள்.
எண்ணூர் ஸ்கூலுக்கு அவள்தான் ஓட்டுகிறாள்.
இடதுபக்கம் இழுக்குது,
வளைவுல கனமா இருக்குது.
நான் ரோட்டைச் சொன்னேன்,
கன்டெய்னர் லாரி போட்ட பள்ளத்தைச் சொன்னேன்.
ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டே,
நீ பிடிக்கிற பிடிதான் சரியில்லை என்றேன்.
அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனது
ஞாபகம் இருக்கிறது.

தண்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்தோம்.
சாக்பீஸ் வேணும்ணா என்றான் இதாயத்.
அவள் கைப்பையில் எப்போதும் நாலு இருக்கும்.
தடவிவிட்டுக் காத்திருந்தோம்.
வெள்ளையில் மெல்லக் கசிந்தது
மரை தொடங்குமிடத்தைச் சுற்றி
தலைமுடி கனத்தில் ஒரு கோடு.
அரைவட்டம்.
இன்னும் எத்தனை எண்ணூர் தாங்கியிருக்கும்,
இதாயத் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திருவொற்றியூரில் ஒரு செத்த கேஸலிலிருந்து
தண்டு கிடைத்தது. டிரன்னியனும்.
புஷ் கன்னியப்பன் லேத்தில்.
முழுக்க ஏற்றி, ஒரு சுற்றுத் தளர்த்தி,
எண்ணெய் வழிய வழிய விட்டோம்.

ரப்பர் புஷ்ஷின் கடைசி இறுக்கு
வண்டி தன் எடையில் தரையில் நின்றபிறகுதான்.
தூக்கி வைத்தபடி இறுக்கினால்
முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும்.
"உள்ளே ஆள் உட்காரணும்."
ஜெசிந்தா வந்து உட்கார்ந்தாள்.
பக்கத்து சீட்டில் அரிசி மூட்டை.
நான் கீழே படுத்துக்கொண்டு சொன்னேன்,
சேஸிஸுக்குச் சொல்வதுபோல:
"கிரீஸ் அட்ச்சது நான்தான்."
மேலே சத்தமில்லை.
"தெரியும். கன் வாங்கின பில்லு
டேஷ்போர்டுலதான் இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலை, எண்ணூர் ரோடு.
அவள்தான் ஓட்டினாள்.
காசிமேடு தாண்டியதும், லாரி இல்லாத இடமாகப் பார்த்து,
ஸ்டியரிங்கை விட்டுக் கையைத் தூக்கினாள்.
எண்ணிக்கொண்டிருந்தேன்: ஒன்று, இரண்டு, மூன்று.
"இன்னும் லேசா இழுக்குது."

ஓரங்கட்டச் சொன்னேன்.
நூலும் அளவுகோலும் டிக்கியில் இருந்தன.